தோலில் முடிச்சு விழுந்த மாட்டை வாங்கலாமா?



ஒரு கறவை மாடு. வயது நான்கைத் தாண்டாது. மடி நன்றாக இருக்கிறது; ஒரு கன்று ஈன்றிருக்கிறது; சாதுவான குணம். விலையோ மற்ற மாடுகளின் விலையில் பாதிக்குச் சற்றே மேல். ஆனால் கழுத்திலும் விலாவிலும் ஐந்தாறு முடிச்சுகள் தெரிகின்றன. கேட்டால், "கொசுக்கடிதாம்மா, ரெண்டு வெயில் பட்டா போயிடும்" என்கிறார் தரகர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

தஞ்சோங் கிளிங், புக்கிட் ரம்பாய், சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா என்று இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. பால்மரக் காடுகள் போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்டத்தை விட்டுப் பலர் தாமான்களுக்கும் கம்பத்து ஓரங்களுக்கும் குடிபோன பிறகும், இடமும் அனுமதியும் கிடைத்த இடங்களில் மாட்டுக் கொட்டகை இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஓய்வு பெற்றவர் சேமநிதிப் பணத்தில் முதலில் நினைப்பது வீட்டுக் கூரையை; அடுத்து நினைப்பது ஒரு பசுவை. பால் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. பள்ளிக்கூடச் செலவுக்கும் தீபாவளித் துணிக்கும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். ஆகவே, தவறான மாட்டை வாங்கிவிட்டால் நட்டம் கொட்டகையோடு நிற்பதில்லை.

மாடு வாங்கும்போது நம்மவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? சுழி பார்க்கிறார்கள். பல் பார்க்கிறார்கள். வாலின் நீளம், கொம்பின் வளைவு, நடை எல்லாம் பார்க்கிறார்கள். "பாலைப் பார்த்துப் பசுவைக் கொள்" என்று பழமொழியும் சொல்வார்கள். நெற்றிச் சுழி நல்ல சுழியா, கெட்ட சுழியா என்று அரைமணி நேரம் வாதாடுகிறவர்கள், அந்தச் சுழி இருக்கும் தோலை இரண்டு நிமிடம் கையால் தடவிப் பார்ப்பதில்லை. சுழியில் நம்பிக்கை வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. சுழி பார்த்த கையோடு தோலையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தோல் கெட்டிருந்தாலே வேண்டாம் என்று ஓடுவதும் சரியன்று. மூன்றே மாதத்தில் சுவடு தெரியாமல் போகிற நோயும் உண்டு. கொட்டகை முழுவதையும் படுக்க வைக்கிற நோயும் உண்டு. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது எது என்று அறிந்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

முதலில், எல்லாரும் அஞ்சுகிற நோயைப் பார்ப்போம். தமிழில் இதைத் தோல் கழலை நோய் என்கிறார்கள். மலாயில் 'பென்யாக்கிட் கூலிட் பெர்கெத்துல்'. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நம் நாட்டில் இது முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் தாய்லாந்தில் கண்டிருந்தார்கள். பின்னர் தீபகற்பத்தின் பல மாநிலங்களுக்கும் பரவியது. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூலை 20இல் வந்தது. குர்பானுக்காக மாடுகள் வாங்கவும் விற்கவும் ஏற்றவும் இறக்கவும் வேண்டிய நேரத்தில்தான் இந்நோய் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இது 2019இல் தலைகாட்டி, 2022இல் பேரழிவு செய்தது. அந்த ஓராண்டில் மட்டும் அங்கே ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மாண்டன. இராஜஸ்தான் மாநிலத்துக்குத்தான் பெரிய அடி.

இந்நோயின் வரலாற்றில் நம் தரகரின் பேச்சுக்கு விடை இருக்கிறது. 1929இல் ஆப்பிரிக்காவில், இன்று ஸாம்பியா எனப்படும் நாட்டில் இதை முதலில் கண்டார்கள். அப்போது அங்கிருந்தவர்களும் ஏதோ நஞ்சு என்றோ, பூச்சிக்கடி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றோதான் நினைத்தார்கள். 1940களில் தெற்கு ஆப்பிரிக்கா நெடுகிலும் மந்தை மந்தையாகப் பரவிய பிறகே இது தொற்றுநோய் என்று தெளிந்தார்கள். படித்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. ஆனால் 'கொசுக்கடி' என்பதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவைதான் இக்கிருமியை மாட்டுக்கு மாடு கொண்டுபோகின்றன. அம்மை இனத்தைச் சேர்ந்த கிருமி இது. ஆட்டம்மைக்கு நெருங்கிய உறவு. ஆயினும் இது பிடிப்பது மாட்டையும் எருமையையுமே. மனிதருக்கு வராது. கழலை நோய் கண்ட மாட்டைத் தொட்டதால் பிள்ளைக்கு அம்மை வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெறும் கடித்தடிப்பையும் கழலையையும் எப்படிப் பிரித்தறிவது? கடித்தடிப்பு தட்டையாக இருக்கும். மயிர் சிலிர்த்து நிற்கும். ஓரிரு நாளில் அமுங்கிவிடும். அல்லது இன்று இங்கேயும் நாளை வேறிடத்திலுமாகத் தோன்றும். கழலை அப்படியன்று. விரலால் அழுத்தினால் கோலிக்குண்டுபோல் கெட்டியாக, வட்டமாக, தோலோடு சேர்ந்தே நிற்கும். அகலம் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை இருக்கும். தலை, கழுத்து, மடி, வாலின் அடிப்புறம் ஆகிய இடங்களைப் பாருங்கள். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுங்கள். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், கால் வீக்கம், தீனியில் வெறுப்பு, திடீரெனப் பால் குறைவு ஆகியவையும் கூட வரும். நாள் சென்றால் கழலையின் நடுப்பகுதி செத்துக் கறுத்து, அடைப்பான்போல் கழன்று விழும். அந்த இடத்தில் குழி விழும்.

இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பாருங்கள். முடிச்சு அதே இடத்தில் அதே கெட்டியோடு இருந்தால் அது கொசுக்கடி அன்று. அந்த இரண்டு நாளுக்குள் மாடு விற்றுப் போய்விடுமே என்று நினைக்கிறீர்களா? போகட்டும்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கழலை வெளியில் தெரியாத மாட்டின் உடம்பிலும் கிருமி இருக்கலாம். ஆகவே, உங்களுக்குக் காட்டப்படும் மாட்டை மட்டும் பார்க்காமல் அதே கொட்டகையில் நிற்கும் மற்ற மாடுகளையும் பாருங்கள். ஒன்றில் முடிச்சு இருந்தால், முடிச்சு இல்லாத மற்றொன்றையும் அன்றைக்கு வாங்காதீர்கள்.

சில மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு சிறு முடிச்சுகள் வருவதுண்டு. "ஊசி போட்டதால் வந்தது" என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊசி போட்ட தேதியையும் சீட்டையும் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால் கால்நடை மருத்துவர் வந்து பார்க்கட்டும்.

சரி, நோய் வந்து தேறிய மாடு என்றால்? குழியும் தழும்பும் மட்டும் இருக்கின்றன, மாடு நன்றாக மேய்கிறது. இதை நான் ஒதுக்கமாட்டேன். தேறிய மாடு கிருமியை நெடுநாள் சுமந்து திரிவதாகத் தெரியவில்லை. ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்புச் சக்தியும் இருக்கும். ஆனால் உதிர்கின்ற பக்கில் கிருமி ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். எனவே புண்கள் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். காம்பில் கழலை வந்திருந்தால் காம்பு அடைபட்டிருக்கலாம். நான்கு காம்பையும் நீங்களே கறந்து பாருங்கள். சினை என்று சொன்னால் மருத்துவரைக் கொண்டு சோதியுங்கள், ஏனெனில் இந்நோயில் கரு கலைவதுண்டு. இவை சரியாக இருந்தால், தழும்பைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம். பாலுக்கும் தழும்புக்கும் சம்பந்தமில்லை.

இனி, கழலையைப்போல் பேர் எடுக்காத வேறொரு தொல்லையைப் பார்ப்போம். நம் தோட்டப் பக்கத்து மாடுகளுக்கு இது வரக்கூடியது. ஆனால் பலரும் இதைச் சிரங்கு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான மாடு. கறுப்புத் தோல் பளபளவென்று நன்றாக இருக்கிறது. வெள்ளைத் தோல் மட்டும் சிவந்து, தடித்து, காய்ந்த பட்டைபோல் வெடித்து உரிகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை. இப்படி நிறம் பார்த்துப் பிடிக்கும் சொறியோ சிரங்கோ கிடையாது. இது வெயிலால் வருவது. ஆனால் வெயில் மட்டும் காரணமன்று. மாடு எதையோ தின்று ஈரல் கெட்டிருக்கிறது. கெட்ட ஈரலால், பச்சை இலையிலிருந்து வரும் ஒரு பொருளை உடம்பிலிருந்து வெளியேற்ற முடிவதில்லை. அது இரத்தத்தில் சேர்ந்து தோலுக்கு வருகிறது. அங்கே வெயில் பட்டதும் தோல் வெந்துபோகிறது. கறுப்பு நிறம் வெயிலைத் தடுத்துவிடுவதால் கறுப்புத் தோல் தப்பிக்கிறது.

தின்றது எது? பெரும்பாலும் உண்ணிச்செடி. சடக்கோரத்திலும் வேலியிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்குமே, மலாய்க்காரர்கள் 'பூங்கா தாஹி ஆயாம்' என்பார்களே, அதுதான். நல்ல புல் இருக்கும்போது மாடு இதைத் தொடாது. பசியில் கட்டிப்போட்டால் தின்றுவிடும். செம்மறியாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இன்னொரு பகை உண்டு: 'சிக்னல்' புல். மேய்ச்சலுக்கென்றே கொண்டுவந்து நட்ட நல்ல புல்தான். மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. அதையே மேய்ந்த ஆடுகளுக்கு இதேபோல் ஈரல் கெட்டு முகம் வீங்கியதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1980களிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த மாடு மற்ற மாட்டுக்கு நோயைக் கொடுக்காது. பிள்ளைகளுக்கும் ஒன்றும் வராது. நிழலில் கட்டி, செடியை விலக்கி, நல்ல தீனி போட்டால் பல மாடுகள் தேறிவிடும். ஆனால் கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாக இருந்தால் ஈரல் மிகவும் கெட்டுவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கண்ணிமையை விரலால் விலக்கிப் பார்க்க யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சம் மட்டும் இருந்தால் போதும்.

கன்றுக்குட்டி வாங்குகிறவர்கள் அடிக்கடி காண்பது படர்தாமரை. கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் காசு காசாய் மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் பக்குக் கட்டியிருக்கும். பார்க்க அருவருப்பாக இருக்குமே தவிர, கன்றுக்கு உயிர்ச்சேதமில்லை. சில மாதங்களில் தானே ஆறிவிடும். வாங்கலாம். ஆனால் இது மனிதரைப் பிடிக்கும். வகுப்பில் ஒரு பையனின் முன்கையில் வட்ட வட்டமாய்ச் சிவந்திருப்பதைக் கண்டால், "வீட்டில் கன்றுக்குட்டி இருக்கிறதா, அதைக் கட்டிப்பிடித்து விளையாடுகிறாயா?" என்று கேட்பது என் வழக்கம். பூனைக்குட்டி என்றும் விடை வருவதுண்டு! பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்ப் பூசுமருந்து வாங்குங்கள். கன்று ஆறும்வரை அதைத் தொடும் வேலையைப் பெரியவர் ஒருவரே கையுறை போட்டுச் செய்யட்டும். இந்தக் காளான் மரக்கட்டையிலும் வேலிக் கம்பத்திலும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கன்று உரசிய கம்பத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சொறி வேறு. சொறி பிடித்த மாடு நிற்காது. கம்பத்தில் உரசும், நக்கும், வாலடியைத் தேய்க்கும். தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது இது. ஒரு மாட்டுக்கு இருந்தால் கூட நிற்கும் எல்லா மாட்டுக்கும் மருந்து போட்டாக வேண்டும். இதற்கு நம் பக்கத்தில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. லோரியிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயைப் பூசுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது தோலைப் பொசுக்கும். மாடு நக்கினால் வயிற்றுக்குள் போகும். மடியில் பட்டால் பாலோடு சேரும். தோட்டத்தில் புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து மாட்டுக்கு ஊற்றுவது அதைவிடக் கொடுமை.

சொறிக்கு நல்ல மருந்து வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஐவர்மெக்டின் என்று பெயர். ஜப்பானில் ஒரு கோல்ஃப் திடலுக்கு அருகில் எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. அந்த நுண்ணுயிரைக் கண்டெடுத்த ஓமுராவுக்கும், அதன் பயனை ஆராய்ந்த கேம்ப்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊசி போட்டால் மருந்து பாலில் இறங்கும். மனிதர் குடிக்கப் பால் கறக்கும் மாட்டுக்கு இந்த ஊசி ஏற்றதன்று. ஆகவே கறவையில் இருக்கும் மாடு என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கேளுங்கள். எந்த மருந்தானாலும் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்றும் கேளுங்கள்.

காலில் மட்டும் ஆறாத புண், ஈ மொய்க்கிறது என்றால் அது ஒருவகைப் புழுவாக இருக்கலாம். மலாயா மாடுகளின் காலில் கண்ட அப்புழுவை 1937இல் பக்லி என்ற ஆய்வாளர் விவரித்து எழுதினார். மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்கலாம்.

பட்டணத்து வாசகர்கள் சிலருக்கு மாட்டைவிட மட்டக்குதிரை மேல் ஆசை. கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் குதிரையைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கினால் பிள்ளைக்கும் ஆயிற்று, பிழைப்புக்கும் ஆயிற்று என்று கணக்குப் போடுகிறார்கள். குதிரைக்கும் மழைச்சொறி, படர்தாமரை எல்லாம் உண்டு; அவை தீரும். ஆனால் பிடரி மயிரும் வாலடியும் தேய்ந்து வழுக்கையாகி, உரசி உரசிப் புண்ணாகியிருக்கும் மட்டக்குதிரை என்றால் நன்றாக யோசியுங்கள். 'ஆகாஸ்' என்கிறோமே, கொசுவைவிடச் சிறிய அந்தப் பூச்சியின் கடி ஒத்துக்கொள்ளாத குதிரை அது. மற்றக் குதிரைக்கு ஒட்டாது. ஆனால் இதற்கு ஆயுளுக்கும் போகாது. ஐஸ்லாந்து நாட்டில் நெடுங்காலம் இந்தப் பூச்சி இருந்ததில்லை. அங்கே பிறந்து வேறு நாட்டுக்கு விற்கப்பட்ட குதிரைகள்தாம் இந்த அரிப்பில் மிகுதியாக அவதிப்படுகின்றன. வெளியே போன குதிரையை அந்நாட்டுச் சட்டம் திரும்ப உள்ளே விடுவதும் இல்லை. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் பூச்சி அடங்கும். குதிரைக்குச் சில மாதம் நிம்மதி. நமக்கோ பன்னிரண்டு மாதமும் வெப்பமும் மழையும்தான். மாலையிலும் விடியலிலும் வலைபோட்ட தொழுவத்தில் மின்விசிறியோடு நிறுத்தி வைக்க வசதி உள்ளவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

மலிவு என்பதையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 4,000 வெள்ளி பெறும் மாடு 2,800 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 1,200 வெள்ளி இலாபம் என்று தோன்றும். நோய் தீர நூறு நாள் ஆகிறது என்று வையுங்கள். செம்பனைப் பிண்ணாக்கும் புல்லும் சேர்த்து நாளைக்கு 8 வெள்ளி என்றால் தீனிக்கே 800 வெள்ளி. அந்த நூறு நாளும் பால் விற்க முடியாது. மருந்துச் செலவும் மருத்துவர் வந்துபோகும் செலவும் தனி. இருந்த இலாபம் இத்தோடு தீர்ந்தது. வீட்டில் நிற்கும் பழைய மாட்டுக்கும் தொற்றினால் அது வேறு கணக்கு. படர்தாமரைக் கன்றும், தழும்பு மட்டும் உள்ள பசுவும் மலிவாகக் கிடைத்தால் அது உண்மையான மலிவு. கழலை நோய் நடப்பில் உள்ள மாடும் மஞ்சள் கண் மாடும் எந்த விலைக்கும் மலிவல்ல.

முடிவு செய்துவிட்டீர்களானால், பணம் கைமாறும் முன்னே கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். கழலை நோய் என்ற ஐயம் இருந்தாலே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மூவார், தங்காக் பக்கமிருந்தோ, லிங்கி ஆற்றுக்கு அப்பால் நெகிரி செம்பிலானிலிருந்தோ மாடு வருவதானால், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவரத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். 'இராத்திரியோடு இராத்திரியாக லோரியில் இறக்கிவிடுகிறேன்' என்கிற தரகரிடம் காரணம் கேளுங்கள். முன்பணம் கொடுத்தால் ஒரு தாளில் மாட்டின் நிறம், கொம்பு, காது வில்லை எண், இன்றைய தேதியில் தோலில் உள்ள குறைகள், நோய் என்று மருத்துவர் சொன்னால் முன்பணம் திரும்பும் என்பது ஆகிய எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் தம்பியாகப் பழகியவரானாலும் எழுதுங்கள். எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், மறுக்கமாட்டார்.

மாடு வந்த பின், பழைய மாட்டின் பக்கத்தில் உடனே கட்டாதீர்கள். கழலைக் கிருமி உடம்பில் மறைந்திருக்கும் காலம் 28 நாள் வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அத்தனை நாளும் தனியாக, முடிந்தவரை தள்ளிக் கட்டுங்கள். தனி வாளி, தனிக் கயிறு. ஈயும் கொசுவும் அண்டாமல் சாணத்தை அன்றன்றே அள்ளி, மாலையில் மூட்டம் போடுங்கள். முதலில் பழைய மாட்டைக் கறந்துவிட்டுப் பிறகு புது மாட்டிடம் போங்கள். திரும்பி வரும்போது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தினமும் காலையில் கழுத்திலிருந்து வால்வரை ஒரு முறை தடவிப் பாருங்கள். மாடு வந்த தேதியைச் சமையலறை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தால், எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டில் யாரும் எண்ணிச் சொல்லலாம்.